மகனின் கவுன்சலர் அறிவுரையே சொல்வதில்லை, உள்ளே பேசியதை என்னிடமும் சொல்வதில்லை. இதனால் பயன் உண்டா?

உங்கள் மகனுக்கு 15 வயது, ஆறு வாரமாகப் போய்வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்வதையே கவுன்சலர் வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்கிறாராம், உங்களிடம் ஒன்றும் சொல்ல மறுக்கிறாராம். வாரம் ஒருநாள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன். நான் இந்தத் தொழிலில் இல்லை, ஒரு பெண்ணின் அப்பா. அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகளுக்கு அப்போது 16. பள்ளிக்குக் கிளம்பும் நேரம் ஆனால் வயிற்றுவலி வந்துவிடும். பரிசோதனை எல்லாம் செய்தோம், உடம்பில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு கவுன்சலரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒவ்வொரு முறையும் கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டு அவள் பேசியதை எல்லாம் சொல்லிவிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நான்காவது வாரம், "அப்பா வண்டிச் சத்தம் கேட்டாலே நான் ரூமுக்குள்ள போயிடுவேன்" என்று அவள் சொன்னதையும் சொன்னார். அன்று ராத்திரி அவளை நிற்கவைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று சத்தம் போட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் யாரிடமும் மனம் விட்டுப் பேசவில்லை. அந்த எட்டு மாதத்துக்குக் காரணம் அவரா நானா என்று இன்றைக்கும் யோசிப்பேன். இரண்டு பேரும்தான்.

அடுத்து கிடைத்த தெரபிஸ்ட் முதல் நாளே எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். அவள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அவளை யாராவது துன்புறுத்துவது தெரிந்தால், அவளால் வேறு யாருக்காவது ஆபத்து என்றால் சொல்லியே தீருவேன், மற்றபடி இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்றார். என்னிடம் சொல்வதாக இருந்தாலும் அவளுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் சொல்வாராம். அவள் அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. மூன்றாவது வாரம் அவள் நேரம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லையாம் (இதை அவளே பின்னால் சொன்னாள்). அவரும் துருவவில்லை. "பேசணும்னு கட்டாயம் இல்லம்மா, சும்மா இருக்கவும் இந்த நேரம் உன்னோடதுதான்" என்றாராம். பெரியவர்கள் தன் பிரச்சினைக்காகத் தானே தேடிப் போவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளை வேறு யாரோ கூட்டிக்கொண்டு போகிறோம். உள்ளே இருப்பவர் அப்பா அம்மாவின் ஆள் இல்லை என்று அவர்களுக்கு உறுதியாவதற்கே சில வாரம் போய்விடும். ஆறு வாரம் வீணாயிற்று என்று நீங்கள் கணக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இப்படி அறிவுரை சொல்லாமல், வந்தவர் பேசுவதைக் கேட்டு அவர் போக்கிலேயே போகும் முறையைத் தொடங்கியவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் குழந்தைகளோடு 12 வருடம் வேலை செய்தவர். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு பையனின் தாயிடம், மகனைச் சின்ன வயதில் நீங்கள் ஒதுக்கியதுதான் பிரச்சினை என்று புரியவைக்கப் பல நாள் முயன்றிருக்கிறார். நடக்கவில்லை. சரி, இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்தத் தாய் வாசல்வரை போய்த் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். மறுபடி வந்து உட்கார்ந்து தன் திருமணத்தின் துயரத்தை எல்லாம் கொட்டினார். அதன் பிறகு பையனும் தேறினான். எது வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று தனக்குப் புரியவைத்த நிகழ்ச்சிகளில் ஒன்றாக ரோஜர்ஸ் இதைச் சொல்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எனக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னதான் பேசுறா, ஒரு வரியாவது சொல்லுங்க" என்று தெரபிஸ்டிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெளியில காத்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் சார்?" என்றார். பயமாக இருக்கும் என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை. மகளைப் பார்ப்பவர் என்னையும் பார்ப்பது அவளுக்குச் சரியாக இருக்காது என்று சொல்லி, வேறொருவரிடம் என்னை அனுப்பினார். 47 வயதில் நானும் போனேன்.

"சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்" என்ற உங்கள் குறைக்கு அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. நான் நல்ல அப்பாதானா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன். "இந்தக் கேள்வி உங்களை ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டு இருக்கு போல" என்றார். "அரிக்கல, துரத்துது" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. என் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டு நான் ஒளிந்துகொண்ட நாட்கள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. தெரபிஸ்ட் சொன்னது சற்றுத் தவறு, ஆனால் நான் திருத்துவதற்கு இடம் விட்டிருந்தார். தான் புரிந்துகொண்டது சரியா என்று தெரபிஸ்ட் சோதித்துப் பார்ப்பதுதான் இது, வெறும் உத்தி இல்லை என்று ரோஜர்ஸே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார்.

இது ஒரு கணினிகூடச் செய்யும் வேலை என்று இங்கே யாராவது பின்னூட்டம் போடுவார்கள். 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் வைசன்பாம் இந்தப் பாணியைப் பின்பற்றி எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார், அதுவும் கேள்வியாகவே திருப்பிக் கேட்கும். தெரியும். ஆனால் 1957-இல் ரோஜர்ஸ் தெரபிஸ்டிடம் இருக்கவேண்டும் என்று கேட்டவை வேறு: வந்தவரின் உலகை அவர் கண்ணால் பார்ப்பது, நிபந்தனை போடாமல் அவரை மதிப்பது, தான் போலியாக இல்லாமல் இருப்பது. "துரத்துது" என்றபோது எதிரில் இருந்தவரின் முகம் மாறியது. எனக்கு அது வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். வாரம் ஒரு மணி நேரம் அனுமதி வேண்டும் என்று வேலையிடத்தில் மேலாளரிடம் மட்டும் காரணத்தைச் சொன்னேன். இரண்டே நாளில் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். அடுத்து வரவேண்டிய பொறுப்பும் வேறொருவருக்குப் போனது, "உங்களுக்கு இப்ப டென்ஷன் வேண்டாம்னுதான்" என்றார் மேலாளர். முதுகுவலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தால் இதைச் செய்திருப்பாரா? என் மகள் அந்த ராத்திரி என் முன்னால் எப்படி நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

எல்லோருக்கும் இதுவே போதும் என்று நான் சொல்லவில்லை. மருந்து தேவைப்படும் நிலைமைகள் உண்டு. சில பயங்களுக்குப் பயிற்சிகள் கொடுத்துப் படிப்படியாகப் பழக்கும் முறைகள் நன்றாக வேலை செய்கின்றன. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அறிகுறி தெரிந்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். உங்கள் கவுன்சலரிடம் கேட்கவேண்டியதும் ஒன்று இருக்கிறது: எந்த நிலைமையில் என்னிடம் சொல்வீர்கள், இந்தச் சிகிச்சை எதை நோக்கிப் போகிறது? மகனையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். நல்லவராக இருந்தால் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்வார். அவன் என்ன பேசினான் என்பதை மட்டும் கேட்காதீர்கள், வண்டியில் திரும்பும்போது அவனிடமும் வேண்டாம்.

என் மகள் திரும்பும் வழியில் முதல்முதலாக வாயைத் திறந்தது நான் எதுவும் கேட்காமல் ஓட்டிய ஒரு நாளில்தான். "வைப்பர் கீச்சு கீச்சுன்னு கத்துதுப்பா, மாத்துங்க" என்றாள். நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றேன். வீடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் மாற்றினேன்.