முதல் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறைக்குள் பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரிடமிருந்து இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. மூன்று சக்கர வண்டியை விட்டு, பெடல் மிதித்து ஓட்டும் இரண்டு சக்கரச் சைக்கிளுக்கு மாறும் பருவத்தைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

எங்கள் மகனுக்கு நாலரை வயது. வளரும் பிள்ளைதானே, 20 இன்ச் சைக்கிளாக வாங்கிவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஓடும் என்று என் மாமனார் சொல்கிறார். கடைக்காரரும் அதையே ஆமோதிக்கிறார். எந்த அளவு வாங்குவது சரி?
– ஒரு தாய், ஈரோடு

பள்ளிச் சீருடையை ஓர் அளவு கூட்டித் தைத்தால் கையை மடித்துவிட்டுச் சமாளிக்கலாம். சைக்கிளில் அப்படிச் சமாளிக்க வழியில்லை. சீட்டில் உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும் என்பதே முதல் சைக்கிளுக்கான விதி. சாயும்போது காலை ஊன்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கும் குழந்தைதான் துணிந்து மிதிக்கும். நுனிக்கால் மட்டும் எட்டும் குழந்தை, ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு உடல் முழுவதும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அந்த விறைப்பே அதைக் கீழே தள்ளிவிடும்.

கடைகளில் 12, 14, 16, 20 இன்ச் என்று சொல்வது சக்கரத்தின் அளவை. பொதுவாக 90 முதல் 100 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு 12 இன்ச், 95 முதல் 110 வரை 14 இன்ச், 105 முதல் 120 வரை 16 இன்ச் பொருந்தும். 20 இன்ச் வண்டிக்கு ஏறக்குறைய 115 செ.மீ. உயரமாவது வேண்டும். எனினும் ஒரே சக்கர அளவில் ஒவ்வொரு கம்பெனியின் சீட்டும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும் என்பதால், வயதையோ அட்டையில் அச்சிட்டிருப்பதையோ நம்பி வாங்காமல் பிள்ளையின் கால் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். வெறுங்காலுடன் சுவரோடு சாய்த்து நிறுத்தி, இரண்டு தொடைகளுக்கும் இடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே முட்டும் வரை உயர்த்தி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்தால் அதுவே கால் உயரம். நீங்கள் வாங்கும் வண்டியின் சீட்டை முழுவதும் இறக்கினால் அந்த அளவைவிட ஓரிரு சென்டிமீட்டர் தாழ்வாக வர வேண்டும்.

எடையையும் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சிறுவர் சைக்கிள்களில் பெரும்பாலானவை இரும்புக் குழாயால் ஆனவை. கேரியர், ஸ்டாண்டு, முன் கூடை எல்லாம் சேர்ந்தால் எட்டு கிலோவையும் தாண்டிவிடும். உங்கள் மகனின் எடை பதினாறு, பதினேழு கிலோ இருக்கலாம். அதாவது தன் எடையில் பாதியை அவன் சாயாமல் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் முப்பது கிலோ வண்டியைக் கொடுத்து ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்கள் மாமனாரிடம் மரியாதையுடன் கேட்டுப் பாருங்கள். கூடையையும் கேரியரையும் கழற்றித் தரச் சொல்லி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. சிறிய சைக்கிள் இரண்டு ஆண்டில் பத்தாமல் போகும் என்பது உண்மைதான். அதனால்தான் உறவினர் வீட்டில் ஓட்டி முடித்த வண்டியைக் கேட்டு வாங்கி, டியூபும் பிரேக் கட்டையும் மாற்றிக் கொடுப்பதை நான் எப்போதும் ஆதரிக்கிறேன்.

மகள் ஒரு வருடமாகச் சைடு வீல் போட்ட சைக்கிளை மிக வேகமாக ஓட்டுகிறாள். போன வாரம் அதைக் கழற்றியதும் இரண்டடி கூடப் போக முடியாமல் அழுதுவிட்டாள். ஒரு வருடம் ஓட்டியும் ஏன் வரவில்லை?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

ஒரு வருடமாக அவள் கற்றது பெடல் மிதிப்பதை மட்டுமே. சைக்கிள் ஓட்டுவதில் கடினமான பகுதி பேலன்ஸ்; சைடு வீல் அதைக் கற்கும் வாய்ப்பையே தருவதில்லை. இரண்டு சக்கர வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கினால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைச் சற்று இடதுபுறமே திருப்புகிறார். உடனே சக்கரங்கள் உடலுக்குக் கீழே வந்துவிட, வண்டி நிமிர்கிறது. தேர்ந்தவர்கள் இதை நினைத்துப் பார்க்காமலேயே ஓயாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். சைடு வீல் உள்ள வண்டியோ சாய்வதே இல்லை. வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, வெளிப்பக்கச் சைடு வீலின்மேல் பாரம் ஏறுகிறது. ஆகவே உண்மையான சைக்கிளில் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் சாயக் குழந்தை பழகிவிடுகிறது. உங்கள் மகள் அழுததில் வியப்பில்லை. அவளிடம் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் அவளுக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, பெடல்களையும் கழற்றிவிடுவது. தெருமுனைச் சைக்கிள் கடையில் சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிடுவார்கள். வீட்டிலேயே ஸ்பானர் வைத்துக் கழற்றுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் பலம் கொடுத்தால் மரை அறுந்து, பெடல் பொருந்தும் கையையே மாற்ற வேண்டி வரும்.

பிறகு, பாதங்கள் முழுமையாகப் பதிந்து முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். குழந்தை சீட்டில் உட்கார்ந்தபடியே நடக்கட்டும். நடை, நீள நீளமாக அடியெடுத்து வைப்பதாக மாறும். பிறகு தானாகவே இரண்டு காலையும் தூக்கிச் சற்றுத் தூரம் சறுக்கிப் பார்க்கும். லேசான சரிவுள்ள சிமெண்டுத் தரை இதற்கு மிகவும் ஏற்றது. புல்தரையில் விழுந்தால் அடி படாது என்று பலர் அங்கே கூட்டிச் செல்கிறார்கள். ஆனால் புல்லில் சக்கரம் உருளாமல் இழுக்கும், வண்டிக்கு வேகம் கிடைக்காது, வேகம் இல்லாவிட்டால் பேலன்சும் வராது. காலைத் தூக்கிக்கொண்டே வளைவிலும் திரும்பும் அளவுக்குத் தேறிய பிறகு பெடலை மாட்டுங்கள். மிதிக்க உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அப்போது அந்த ஒரு வருடப் பழக்கம் கைகொடுக்கும். கிளம்பும்போது ஒரு பெடல் உச்சியிலிருந்து சற்று முன்பக்கம் இருக்குமாறு வைத்து, அதை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் இருக்கட்டும்.

மனித குலமும் இதே வரிசையில்தான் கற்றது என்று ஓர் இடைக்குறிப்பு: ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817-இல் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மரத்தாலான இரு சக்கர வண்டியில் பெடலே கிடையாது, காலால் தரையை உதைத்துத்தான் ஓட்டினார்கள். முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் பிரான்சில் பரவியது 1860-களில்தான்.

கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஐந்து வயது மகனுக்கு நான் எப்படிக் கற்றுக்கொடுப்பது? பக்கத்து வீட்டு அண்ணனிடம் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

நீங்களே கற்றுக்கொடுக்கலாம். சென்ற தலைமுறையில் பெரும்பாலோர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத் தாமாகவே கற்றவர்கள். அவர்களுக்குப் பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. உங்கள் வேலை, கூடவே நடப்பதும், விழும்போது பிடிப்பதும்தான். வண்டியைப் பிடிக்காமல் பிள்ளையைப் பிடியுங்கள் என்பது முக்கியம். ஹேண்டில்பாரையோ சீட்டையோ நீங்கள் பிடித்திருந்தால் வண்டியின் சாய்வு உங்கள் கைக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது. பின்பக்கமாக நின்று இரண்டு அக்குளிலும் லேசாகக் கை கொடுத்து, அவன் நிமிர்ந்ததும் பிடியைத் தளர்த்துங்கள். "விட்டுவிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விடாதீர்கள். "இப்போது கையை எடுக்கிறேன்" என்று சொல்லியே எடுங்கள். ஏமாற்றி ஓட்ட வைத்த பிள்ளை அடுத்த முறை திரும்பித் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் விழும்.

உங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்லுடைக்கும் தொழிலாளிகளும், பிள்ளை பெற்றவர்களும், படிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். மகனுக்குக் கற்றுக்கொடுக்கும் கையோடு நீங்களும் ஒரு லேடீஸ் சைக்கிளின் சீட்டை இறக்கி, இதே முறையில் முயன்று பாருங்கள் என்று மனமாரச் சொல்கிறேன்.

திருப்பத்தில் வழுக்கி விழுந்து, ஹேண்டில்பார் நுனி பையனின் வயிற்றில் குத்திவிட்டது. லேசாகச் சிவந்திருந்தது, வேறு காயம் இல்லை. மூன்று நாளாகச் சைக்கிள் பக்கமே போக மறுக்கிறான். பயத்தை எப்படிப் போக்குவது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பயத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இன்றே அவனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்தும்போது மொத்த விசையும் ஒரு சிறிய வட்டத்தில் இறங்குவதால், தோலில் ஒன்றும் தெரியாமலே மண்ணீரல், கல்லீரல், கணையம், குடல் ஆகியவற்றில் அடிபட்டிருக்கக்கூடும். அறிகுறிகள் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் வரலாம். வயிற்று வலி, வாந்தி, சாப்பிட மறுத்தல், முகம் வெளிறுதல், தோளில் வலி, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "விழுந்தான்" என்று மட்டும் சொல்லாமல் "ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது" என்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவன் நலமாக இருக்கிறான் என்று உறுதியான பிறகு, ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ரப்பர் பிடி தேய்ந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் புதிய பிடி போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது. அது செலவு குறைந்த வேலைதான். பயம் தெளிய அவனுக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள். வண்டியைத் துடைக்கவும், காற்றடிக்கவும், பெல் அடிக்கவும் கூட்டிக்கொள்ளுங்கள். பெடல் இல்லாமல் சறுக்கும் விளையாட்டாக மீண்டும் தொடங்குவது நல்லது.

ஹெல்மெட் அவசியமா? வீட்டு வாசலில்தானே ஓட்டுகிறாள்?
– ஒரு தந்தை, சேலம்

அவசியம். வாசல் சிமெண்டும் ரோட்டு சிமெண்டும் தலைக்கு ஒன்றுதான். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். வார் காதுக்குக் கீழே சேர்ந்து, தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். சறுக்கு மரம், ஊஞ்சல் பக்கம் போகும்போது கழற்றிவிடுங்கள். வார் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

மூத்தவன் நன்றாக ஓட்டுகிறான். மூன்று வயதுத் தங்கையைக் கேரியரில் உட்கார வைத்துச் சுற்றிவரலாமா?
– ஒரு தாய், மதுரை

கூடாது. தொங்கும் சிறு கால் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைந்து, குதிகாலின் சதை பிய்ந்துபோவது நம் ஊர் மருத்துவமனைகள் அடிக்கடி பார்க்கும் காயம். ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். பெரியவர்கள் ஓட்டினாலும், கால் வைக்கும் இடமும் சக்கரத்துக்கு மறைப்பும் உள்ள குழந்தை சீட்டில் உட்கார வைத்தே கூட்டிச் செல்லுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மொட்டை மாடியா, கார் நிறுத்துமிடமா, தெருவா, எங்கே ஓட்டப் பழக்குவது?
– ஒரு தந்தை, சென்னை

மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவரின் உயரம் நடப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதே தவிர, சீட்டின் மேல் உயர்ந்து வேகமாக வந்து மோதும் குழந்தையை மனத்தில் வைத்தல்ல. கார் நிறுத்துமிடத்தில் பின்னோக்கி எடுக்கப்படும் வண்டியின் ஓட்டுநருக்கு 12 இன்ச் சைக்கிளில் இருக்கும் தலை தெரியவே தெரியாது. தெருவும் இந்த வயதுக்கு ஏற்றதல்ல: எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் பத்து வயது வாக்கில்தான் கைகூடுகிறது. பள்ளி மைதானம், மூடிய கல்யாண மண்டப வளாகம், வண்டி நுழையாத பூங்காப் பாதை ஆகியவற்றில் அனுமதி கேட்டு, வெயில் ஏறுவதற்கு முன் போங்கள்.

அங்கே முதலில் பிரேக்கைப் பழக்குங்கள். பல சிறுவர் சைக்கிள்களில் பிரேக் பிடி பிஞ்சு விரலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். பிடியின் அடியில் உள்ள சிறு திருகைத் திருப்பினால் அது ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். அந்தத் திருகே இல்லாத வண்டியாக இருந்தால், பிடியைப் பிள்ளையின் விரலுக்கு எட்டும்படி கடையில் சரிசெய்து தரச் சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காலை ஊன்றாமல் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் கோட்டுக்கு முன்பே நிற்கச் சொல்லுங்கள். இது பிழையில்லாமல் வந்த பிறகு சீட்டைச் சிறிது உயர்த்தலாம்.