பாலியல் குற்றவாளிகள் பதிவேடு: அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தப் பதிவேட்டைப் பற்றியவை. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம் என்பதால், எந்த மாநிலம் என்று குறிப்பிடாத கடிதங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கீழே இருப்பது பொது விளக்கம்தான். உங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது என்றால், அந்த ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டைச் சுற்றி இணையத்தில் தேடினேன். வரைபடத்தில் ஒருவர் பெயரும் வரவில்லை. டெக்சாஸில் இருக்கும் உறவினர் தேடினால் நிறையப் புள்ளிகள் வருகின்றன. வீட்டுத் தரகரிடம் கேட்டால், "அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை" என்கிறார். எதையாவது மறைக்கிறாரா? (எடிசன், நியூ ஜெர்சி)

தரகர் மேல் சந்தேகப்படாதீர்கள். நியூ ஜெர்சியில் வீடு வாங்கும் ஒப்பந்தத்திலேயே, இந்தக் குற்றவாளிகளைப் பற்றி மக்களுக்குத் தகவல் சொல்ல வழிசெய்யும் மேகன் சட்டம் பற்றி ஒரு பத்தி அச்சாகியிருக்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் சொல்வதா, யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் கவுண்டி (மாவட்டம் போன்றது) பிராசிக்யூட்டரின், அதாவது அரசு வழக்கறிஞரின் வேலை. அவரது அலுவலகத்தை நீங்களே தொடர்பு கொள்ளலாம்.

இந்தச் சட்டம் பிறந்ததே உங்கள் மாநிலத்தில்தான். 1994 ஜூலையில் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர் வீட்டில் குடியிருந்தவன். சிறுமிகளிடம் செய்த குற்றங்களுக்காக முன்பே இரண்டு முறை தண்டனை பெற்றவன். தெருவில் இருந்த பெற்றோர்களுக்கு அது தெரியாது. மூன்று மாதத்தில் நியூ ஜெர்சி சட்டம் இயற்றியது. 1996-ல் மத்திய அரசும் அதைப் பின்பற்றி, எல்லா மாநிலங்களும் மக்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

உங்கள் தேடலில் யாரும் வராததன் அர்த்தம் என்ன? நியூ ஜெர்சி, பதிவு செய்தவர்களை ஆபத்தின் அளவை வைத்து மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. பிராசிக்யூட்டர் அலுவலகம் ஒரு மதிப்பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். குற்றத்தில் வன்முறை இருந்ததா, பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா, சிகிச்சைக்கு ஒத்துழைத்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். சம்பந்தப்பட்டவர் அதை எதிர்த்து நீதிபதியிடம் போகலாம். முதல் அடுக்கில் இருப்பவரைப் பற்றிப் போலீசுக்கு மட்டும் தெரியும். இரண்டாம் அடுக்கு என்றால் பள்ளிகளுக்கும், பதிவு செய்துகொண்ட சமூக அமைப்புகளுக்கும் சொல்வார்கள். மூன்றாம் அடுக்குக்குத்தான் போலீசார் வீடு வீடாக வந்து சொல்வது. இணையத்தில் வருவது மூன்றாம் அடுக்கும், சில விலக்குகள் போக இரண்டாம் அடுக்கும். முதல் அடுக்கு வராது.

ஆகவே வரைபடம் காலியாக இருக்கிறது என்றால், அதிக ஆபத்து என்று அரசு கருதும் ஆள் அங்கே பதிவாகவில்லை என்று பொருள். தண்டனை பெற்ற ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை என்று பொருளல்ல. இதை டெக்சாஸில் இருக்கும் உங்கள் உறவினரின் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படவோ நிம்மதிப்படவோ வேண்டாம். அங்கே ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களையும் பொதுப் பட்டியலில் போடுகிறார்கள். அங்கே புள்ளிகள் அதிகம் தெரிவதற்கு அதுவே ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு டெக்சாஸில் வேலை பார்க்கும் வரன் வந்திருக்கிறது. பையன் அமெரிக்கக் குடிமகன். சென்னையில் இருந்தபடியே அவர் பெயர் இந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? பார்ப்பது தவறா? (வேளச்சேரி)

தவறே இல்லை. அமெரிக்க நீதித்துறை நடத்தும் தேசியத் தேடல் தளம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ என்பார்கள். கட்டணம் கிடையாது. 2003-ல் வடக்கு டகோட்டாவிலிருந்து ட்ரூ ஷோடின் என்ற கல்லூரி மாணவி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் சிறையிலிருந்து வெளிவந்தவன். ஒரு மாநிலப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அந்த வழக்கு காட்டியது. இன்று அந்தத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தளத்துக்கென்று சொந்தப் பட்டியல் எதுவும் கிடையாது. நீங்கள் பெயரைக் கொடுத்ததும் மாநிலங்கள், பிரதேசங்கள், பல பழங்குடி நிர்வாகங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளில் தேடி, கிடைத்ததைக் காட்டும்.

நம் பெயர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே இனிஷியலாக இருக்கும் அப்பா பெயர் அங்கே லாஸ்ட் நேம் ஆகிவிடும். சிலருக்கு இரண்டும் இடம் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை வாங்கி, முன்பின் மாற்றி இரண்டு விதமாகவும் தேடுங்கள். பெயர் ஒத்துப்போனால் உடனே முடிவு கட்டாதீர்கள். படம், வயது, ஊர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பெயர் வரவில்லை என்றாலும் சோதனை முடிந்துவிடாது. இதில் வருவது பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்கு வராது. முன்னாள் மனைவியை அடித்த வழக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் வராது. அதற்கு அவர் வசித்த கவுண்டிகளின் நீதிமன்ற ஆவணங்களைத்தான் தேட வேண்டும்.

பெண் வீட்டார் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. 2006-ல் வந்த ஆடம் வால்ஷ் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்ற அமெரிக்கக் குடிமகனோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ, மனைவிக்காகக் குடியேற்ற மனு போட முடியாது. மனைவிக்கு அவரால் ஆபத்து இல்லை என்று அரசு தானாக முடிவு செய்தால்தான் உண்டு. அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போவது ஏறக்குறைய முடியாத காரியம். கல்யாணம் முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும்போது இது தெரியவந்தால் எவ்வளவு வேதனை! பையனிடமே நேராகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற சம்பந்தியா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: கலிஃபோர்னியா தளத்தில் சிலருக்கு வீட்டு முகவரி இருக்கிறது, சிலருக்கு ஜிப் கோடு மட்டும்தான். ஏன்? (ஃப்ரீமான்ட்)

குற்றத்தின் வகையைப் பொறுத்து அப்படிப் பிரித்திருக்கிறார்கள். தளத்தில் காட்டக்கூடாத வகையும் உண்டு. கலிஃபோர்னியா 1947-லேயே மாநிலப் பதிவேடு தொடங்கிவிட்டது. வேறெந்த மாநிலமும் அதற்கு முன் தொடங்கவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் சிறிய குற்றம், பெரிய குற்றம் என்று பார்க்காமல் பதிவு செய்தவர் எல்லோரையும் ஆயுள் முழுவதும் வைத்திருந்தது. 2021 முதல் பத்து ஆண்டு, இருபது ஆண்டு, ஆயுள் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். காலம் முடிந்தவுடன் பெயர் தானாக உதிராது, நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

பதிவு நடப்பது உள்ளூரில். நகரம் என்றால் போலீஸ் நிலையம், நகர எல்லைக்கு வெளியே என்றால் ஷெரிஃப் அலுவலகம். ஆண்டுதோறும் பிறந்தநாளை ஒட்டி ஐந்து வேலை நாட்களுக்குள் நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினாலும் அதே ஐந்து நாள் கெடு. நிலையான வீடு இல்லாதவர் முப்பது நாளைக்கு ஒருமுறை போக வேண்டும்.

கேள்வி: பதிவேட்டில் உள்ள ஒருவர் எங்கள் பள்ளிக்கு மிக அருகில் குடியிருக்கிறார். போலீஸ் எப்படி விட்டார்கள்? (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

பள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளிக் குடியிருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பதிவு செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். தூரக் கட்டுப்பாடு என்பது மாநிலமும் ஊரும் போடுவது. டெக்சாஸில் பரோலிலோ ப்ரோபேஷனிலோ (சிறைக்கு வெளியே அரசின் கண்காணிப்பில்) இருப்பவருக்கு நிபந்தனைகள் இருக்கும். அந்தக் காலம் முடிந்த பிறகு உங்கள் நகராட்சி விதி என்ன சொல்கிறது என்பதே கேள்வி. நகர அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த விதி வருவதற்கு முன்பே குடியிருந்தவருக்கு விலக்கு தரும் ஊர்களும் உண்டு.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்தத் தூர விதிகள் பயன் தருகின்றன என்று நான் நினைக்கவில்லை. மயாமி வட்டாரத்தில் பள்ளிகளிலிருந்து 2,500 அடி தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். விளைவு, பதிவேட்டில் இருந்தவர்கள் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். 2010-ல்தான் அந்தக் குடியிருப்பு கலைக்கப்பட்டது. முகவரி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பதிவேட்டை வைத்துவிட்டு, அதில் உள்ளவர்களுக்கு முகவரியே இல்லாமல் செய்தால் என்ன லாபம்?

கேள்வி: அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் பதிவேட்டின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டேன். அட்மின் நீக்கிவிட்டார். எல்லோருக்கும் தெரிய வேண்டிய தகவல்தானே? (சன்னிவேல், கலிஃபோர்னியா)

உங்கள் அட்மினுக்கு நன்றி சொல்லுங்கள். தகவல் பொதுவானது என்பது சரிதான். பக்கத்து வீட்டம்மாவிடம் நேரில் சொல்லுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. குழுவில் போட்டால், அடுத்து யார் என்ன செய்வார் என்பது உங்கள் கையில் இருக்காது. பதிவேட்டின் தகவலை வைத்து ஒருவர் சிறு குற்றம் செய்தால்கூட, கலிஃபோர்னியாவில் வழக்கமான தண்டனையோடு 10,000 முதல் 50,000 டாலர் வரை கூடுதல் அபராதம். பெருங்குற்றம் என்றால் கூடுதலாக ஐந்து ஆண்டு சிறை.

2006-ல் மெய்ன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்த ஓர் இளைஞன், இணையப் பதிவேட்டிலிருந்து முகவரிகளை எடுத்து, இரண்டு பேரை அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். அதில் ஒருவர் இருபத்து நான்கு வயதுக்காரர். பத்தொன்பது வயதில், பதினாறு நிறையச் சில வாரங்களே இருந்த தன் காதலியோடு உறவு வைத்ததற்காகப் பதிவேட்டில் ஏறியவர். சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்த கொலைகாரனுக்கு எல்லோரும் ஒன்று. ஸ்க்ரீன்ஷாட்டில் ஒரு சட்டப் பிரிவு எண்ணும் ஒரு படமும்தான் இருக்கும், கதை இருக்காது.

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கும் எங்கள் மகன் மேல் ஒரு வழக்கு. "ஒப்புக்கொண்டால் ஜெயில் இல்லை, பதிவு மட்டும்தான்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (பெயர் வேண்டாம்)

குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்புக்கொள்வதும் தண்டனை பெற்றதாகவே கணக்கு. நாடு கடத்தப்படலாம். இந்த ஆபத்தைத் தன் கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சொல்லவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: என் தம்பி அமெரிக்கக் குடிமகன். ஒரு பதின்வயதுப் பெண் தொடர்பான வழக்கில் தண்டனை முடித்து வந்துவிட்டான், பெயர் பதிவேட்டில் இருக்கிறது. திருச்சியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வர முடியுமா? (பெயர் வேண்டாம்)

அமெரிக்காவிலிருந்து கிளம்பத் தடை இல்லை, நிபந்தனைகள் உண்டு. புறப்படும் நாளுக்குக் குறைந்தது 21 நாள் முன்பாக, தான் பதிவு செய்துள்ள அலுவலகத்தில் பயண விவரங்களைத் தம்பி கொடுக்க வேண்டும். 2016-ல் வந்த சர்வதேச மேகன் சட்டத்தின்படி, சிறார் தொடர்பான குற்றத்துக்காகப் பதிவேட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட்டில் அதைக் குறிப்பிடும் வாசகம் அச்சிடப்படும். பழைய பாஸ்போர்ட்டில் அது இல்லை என்றால், கிளம்பும் முன் வெளியுறவுத் துறை விதியை வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளட்டும். போகிற நாட்டுக்கும் அமெரிக்க அதிகாரிகள் முன்கூட்டியே தகவல் அனுப்ப முடியும். அதன் பிறகு உள்ளே விடுவதா என்பது இந்தியக் குடியேற்ற அதிகாரிகளின் முடிவு. விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பலாம். உறவினர் எல்லோரும் காத்திருக்கும் வீட்டுக்கு அந்தச் செய்தி வருவதைவிட, பெற்றோரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

சொல்லாமல் போய்வந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பதிவு விதியை மீறுவது மத்தியச் சட்டத்தில் பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கேள்வி: கனடாவில் இதுபோல் பார்க்க முடியுமா? (ஸ்கார்பரோ)

முடியாது. ஒன்டாரியோவின் பதிவேடு 2001-லும் தேசியப் பதிவேடு 2004-லும் வந்தன. இரண்டும் போலீசுக்கு மட்டும்தான். ஆபத்தானவர் வெளியே வருகிறார் என்றால் போலீசே எச்சரிக்கை வெளியிடுவதுண்டு. இங்கிலாந்தில் பட்டியல் ரகசியம், ஆனால் உங்கள் குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் போலீசிடம் கேட்க வழி இருக்கிறது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் தேசியத் தரவுத்தளம் தொடங்கினார்கள். அதுவும் விசாரணை அமைப்புகளுக்கு மட்டும்.

கேள்வி: வேலைக்குப் போகும்போது குழந்தையை ஓர் அம்மாவின் வீட்டில் விடுகிறேன். அவர் பெயரைத் தேடினேன், இல்லை. போதுமா? (ஜெர்சி சிட்டி)

போதாது. அவர் பெயரோடு அந்த வீட்டு முகவரியையும் போட்டுத் தேடுங்கள். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்துபோகிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு மேல் இந்தப் பதிவேட்டால் உங்களுக்கு உதவ முடியாது. பிடிபட்டு, நிரூபணமாகி, தண்டனை பெற்றவர்தான் அதில் இருப்பார். போலீசுக்கு வந்த புகார்களை ஆராய்ந்து 2000-ல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்ட சிறார்களில் முன்பின் தெரியாதவரால் துன்புறுத்தப்பட்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மீதிப் பேருக்கு ஆள் குடும்பத்திலோ பழக்கத்திலோ இருந்தார். நம் வீடுகளில் 'மாமா', 'அங்கிள்' என்று அழைக்கப்படுகிறவர்களும் இதில் அடக்கம்.

மினசோட்டாவின் பாட்டி வெட்டர்லிங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1989-ல் அவருடைய பதினொரு வயது மகன் ஜேக்கப் கடத்தப்பட்டான். அவன் பெயரில்தான் 1994-ல் முதல் மத்தியப் பதிவுச் சட்டம் வந்தது, அதற்காகப் போராடியவர் அந்தத் தாய். பிற்காலத்தில், குற்றம் செய்த சிறுவர்களையும் சின்னக் குற்றங்களையும் ஒரே பட்டியலில் அடைக்கும் அளவுக்கு இது விரிந்துவிட்டது என்று அவரே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். நான் இந்த விஷயத்தில் அவர் பக்கம்.

உங்களுக்கு நடைமுறையில் உதவுவது வேறு. சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலில் ஒருநாள் போய் நில்லுங்கள். உள்ளே விடத் தயங்கினால் மறுநாள் குழந்தையை அனுப்பாதீர்கள். உடம்பின் உறுப்புகளுக்குச் சரியான பெயரையும், "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். நியாயமான சந்தேகம் வந்தால் 1-877-652-2873 என்ற மாநில எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நியூ ஜெர்சியில் அப்படிச் சந்தேகம் வந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.