கேள்வி பதில்: வெள்ளம் வராமலே உயிரைப் பறித்த ஏரி

கேள்வி: உலகிலேயே ஆழமான ஏரி எது?

பதில்: சைபீரியாவில் இருக்கும் பைக்கால். ஆழம் 1,642 மீட்டர். உலகின் நிலப்பரப்பின் மேல் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதில் அடக்கம். 300-க்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து சேர்கின்றன. வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். ஆனால் ஆழத்தைவிட அதன் வயதுதான் என்னை மலைக்க வைக்கிறது. பெரும்பாலான ஏரிகள் சில ஆயிரம், பல்லாயிரம் ஆண்டுகளில் வண்டல் படிந்து தூர்ந்துவிடும். பைக்காலுக்கோ சுமார் 2.5 கோடி வயது! அடியில் நிலம் இன்னமும் பிளந்து விலகிக்கொண்டிருப்பதால் எவ்வளவு வண்டல் விழுந்தாலும் நிரம்புவதில்லை.

கேள்வி: ஆப்பிரிக்காவில் ஓர் ஏரி ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாமே? அணை உடைந்ததா?

பதில்: அணையும் உடையவில்லை, வெள்ளமும் வரவில்லை. கொன்றது கரியமில வாயு. கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி, பழைய எரிமலை வாயில் தேங்கிய நீர். ஆழம் 200 மீட்டருக்கு மேல். பூமிக்கடியிலிருந்து கசியும் வாயு ஏரியின் அடிநீரில் கரைந்து, மேலிருக்கும் நீரின் அழுத்தத்தால் அங்கேயே அடைபட்டுக் கிடந்தது. குளிர்நாட்டு ஏரிகளில் பருவம் மாறும்போது மேல்நீரும் அடிநீரும் கலந்துவிடும். வெப்பமண்டலத்து ஏரியான நியோஸில் அந்தக் கலப்பு நடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாயு சேர்ந்துகொண்டே போனது.

1986 ஆகஸ்ட் 21 இரவு, மூடி திறந்த சோடா பாட்டில் போல ஏரி பொங்கியது. எது தூண்டியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே கலைந்து போகாமல் பள்ளத்தாக்குகள் வழியே தரையோடு தரையாக இறங்கி, 25 கிலோமீட்டர் வரை பரவியது. 1,700-க்கும் மேற்பட்டவர்கள் மூச்சடைத்து இறந்தார்கள். பலருக்கு அது உறக்கத்திலேயே நேர்ந்தது. சுமார் 3,500 கால்நடைகளும் மடிந்தன. நீலமாக இருந்த ஏரி செம்பழுப்பாக மாறியிருந்தது: அடியிலிருந்து மேலே வந்த இரும்புச்சத்து காற்றுப்பட்டுத் துருவேறியதால் வந்த நிறம் அது.

எனக்குத் தாங்க முடியாத வருத்தம் ஒன்று உண்டு. இரண்டே ஆண்டுகளுக்கு முன், அதே நாட்டின் மொனூன் ஏரியில் இதே விதமாக 37 பேர் இறந்திருந்தார்கள்.

அடியில் சேரும் வாயுவை வெளியேற்ற, 2001-இல் நியோஸின் அடியாழம் வரை ஒரு குழாயை இறக்கினார்கள். முதலில் சிறிது நீரைப் பம்பு வைத்து இழுத்தால் போதும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, வாயு குமிழிகளாகப் பிரிந்து, நீரைத் தானே தள்ளிக்கொண்டு வரும். பிறகு பம்பு வேண்டாம். ஏரி நடுவே நீரூற்றாகப் பீய்ச்சியடித்து வாயு வெளியேறியது. இவ்வளவு எளிமையான பொறியியலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்வி: ஏரி உறைந்துபோனால் மீன்கள் என்ன ஆகும்?

பதில்: பிழைத்துக்கொள்ளும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தி. அது அடியில் தங்கிவிடும். பனிக்கட்டி லேசானது என்பதால் மேலே மிதக்கும். அதுவே குளிர் கீழே இறங்காமல் காக்கும் போர்வை.

கேள்வி: வற்றிய ஏரியை மீட்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும், மனம் வைத்தால். ஒரு காலத்தில் பரப்பளவில் உலகின் நான்காவது பெரிய ஏரி, கஜகஸ்தான்-உஸ்பெகிஸ்தான் எல்லையில் இருக்கும் ஆரல் கடல். 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைச் சோவியத் அரசு பெருமளவில் திருப்பிவிட்டது. ஏரி சுருங்கியது, உப்பு ஏறியது, மீன்பிடித் தொழில் அழிந்தது. துறைமுக ஊராக இருந்த மொய்னாக்கில் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. இதை இயற்கைச் சீற்றம் என்று யாரும் சொல்ல வேண்டாம், திட்டமிட்டுச் செய்தது.

கஜகஸ்தான் 2005-இல் உலக வங்கியின் உதவியோடு வடக்குப் பகுதியைப் பிரித்துக் கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. எதிர்பார்த்ததைவிட விரைவில் நீர்மட்டம் உயர்ந்து, உப்பு குறைந்து, நன்னீர் மீன்கள் திரும்பின. வலை வீசுவோரும் திரும்பினார்கள். தெற்குப் பகுதிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதன் கிழக்குப் படுகை 2014-இல் முற்றிலும் வறண்டது. அங்கிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி சுற்றுவட்டார ஊர்களுக்குள் இன்றும் வீசுகிறது.