பூஞ்சணம் பிடிச்ச ரெக்கோட்டுகளை வாங்கலாமா?

வணக்கம் சகோதரம். கல்முனையில ஒரு பழைய வீட்டில 40 ரெக்கோட் (பழைய இசைத்தட்டு) மொத்தமா விலைக்கு வந்திருக்கு, உறைக்குள்ள வெள்ளைப் பூஞ்சணம், போட்டுக் கேட்க அங்க பிளேயரும் இல்லை என்று எழுதியிருந்தீங்க.

பூஞ்சணத்தைக் கண்டு விட்டுட்டு வந்திராதீங்க. வாவியும் கடலும் சூழ்ந்த நம்மட பக்கம் மாரி மழைக்குப் பிறகு அது பிடிக்காத தட்டைக் காண்பதே அருமை. கழுவினால் பெரும்பாலும் போயிரும்.

தேய்மானம்தான் போகாது. போன் டோர்ச்சைத் தட்டின் மேல சரிவா அடிச்சுப் பாருங்க. கறுப்புப் பளபளப்பு மங்கி சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், பாரமான ஊசி பாட்டுப் பதிஞ்ச பள்ளங்களை அரைச்சிட்டுது என்று அர்த்தம். எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் இருக்கும். கீறலை நகத்தால மெல்ல வருடுங்க. நகம் சிக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று கேட்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடின தட்டு. நான் முதல்ல பார்க்கிறதே அதைத்தான். பிறகு கண் மட்டத்தில பிடிச்சு வளைவு பாருங்க.

78 என்று போட்ட, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுற, பாரமான தட்டுகள் கிடைச்சால் தனியா வையுங்க. அவை பெரும்பாலும் அரக்குத் தட்டு, விழுந்தால் உடையும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே வேண்டாம், அரக்கு கரையும். அதுக்கு அகலமான ஊசி வேணும், 33 தட்டு ஓட்டுற ஊசி சரிவராது.

40க்கும் ஒரே விலை பேசாம, சாம்பல் பூத்ததுகளைக் கழிச்சிட்டு மிச்சத்துக்கு விலை கேளுங்க.