கஞ்சாவிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுப்பது என்றால் என்ன?

செடிக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அதில் உடம்பில் வேலை செய்கிறவற்றை ஒரு திரவத்தில் இறக்கி எடுப்பது பிரித்தெடுத்தல். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மெழுகையும் பச்சையத்தையும் கழித்துவிடுவது சுத்திகரிப்பு.

நம்ம ஹட்டன் பக்கம் பிளேன்டீ ஊற்றுவதும் பிரித்தெடுத்தல்தான்: சுடுதண்ணீரில் சாயமும் கஃபீனும் இறங்கும், சக்கை வடியில் தங்கும். ஆனால் கஞ்சாவின் முக்கிய பொருள்களான டிஎச்சி (போதை தருவது), சிபிடி (போதை தராதது) இரண்டும் தண்ணீரோடு சேராது, எண்ணெயோடுதான் சேரும். தாளிக்கும்போது செத்தல் மிளகாயின் சிவப்பு எண்ணெயில் இறங்குகிறதே, தண்ணீரில் போட்டால் அப்படி இறங்குமா? அதே கதை. அதனால்தான் தொழிற்சாலைகளில் தண்ணீருக்குப் பதிலாக, இவற்றைக் கரைக்கக்கூடிய மதுசாரமோ, அழுத்தி இறுக்கிய காபனீரொட்சைட்டோ பாவிக்கிறார்கள். (வீட்டில் செய்கிற வேலையில்லை, தீப்பிடிக்கும், இங்கே சட்டமும் விடாது.)

டிஎச்சியின் அமைப்பை 1964இல் இஸ்ரேலில் மெக்கூலம், காவோனி என்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2018இல் அமெரிக்கா, சுத்திகரித்த சிபிடியை கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அனுமதித்தது.

அப்புறம், 'சுத்திகரித்தால் போதை போய்விடும்' என்பது தவறு: எதைப் பிரிக்கிறோம் என்பதுதான் விஷயம், டிஎச்சியைச் சுத்திகரித்தால் போதை கூடத்தான் செய்யும்.