மம்பட்டி பட்ட நாக்குப்பூச்சி: கேள்வி – பதில்

மழை விழுந்ததும் கடிதங்களும் புழு பூச்சி பக்கம் திரும்பிவிட்டன. வந்ததில் ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வரப்பை வெட்டும்போது மம்பட்டி பட்டு நாக்குப்பூச்சி (மண்புழு) இரண்டாகிவிடுகிறது. இரண்டு துண்டும் துள்ளுகின்றன. "ரெண்டும் தனித்தனிப் புழுவாயிரும், பாவமில்ல" என்கிறார் மாமனார். அப்படியா?
– சேரன்மகாதேவி வாசகி

பதில்: மாமனார் சொல்வதில் ஆறுதல் முழுசாக இருக்கிறது, உண்மை கால்வாசிதான். கன்னடியன் கால்வாயில் தூண்டில் போட்டுத் திரிந்த வயதில் நானும் இதை நம்பி ஒரு மண்புழுவை மூன்றாகக் கிள்ளியிருக்கிறேன். முள்ளில் கோத்த பிறகும் துண்டு நெளியும், கெண்டையும் ஏமாறும். ஏன் நெளிகிறது என்றால், புழுவின் உடம்பு நூற்றுச்சொச்சம் வளையங்களால் ஆனது, வயிற்றுப் பக்கமாக ஓடுகிற நரம்பில் வளையத்துக்கு வளையம் ஒரு முடிச்சு இருக்கிறது, அந்தந்த முடிச்சு தன் வளையத்தைத் தானே ஆட்டிக்கொள்ளும், தலையைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் துள்ளுவது வேறு, பிழைப்பது வேறு.

வளர்ந்த புழுவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கொஞ்சம் பின்னால் மோதிரம் போட்டது மாதிரி வேறு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். முட்டைக்கூடு உண்டாவது அதில்தான். இதயம் என்று சொல்கிற துடிக்கும் குழாய்கள், வாய், மூளை எல்லாமே முன்பக்கத்துக் குடித்தனம். வெட்டு அந்தப் பட்டைக்கு நன்றாகப் பின்னால் விழுந்திருந்தால் தலைத்துண்டு தப்பித்துப் புது வால் வளர்த்துக்கொள்ளலாம். வால்துண்டுக்குத் தின்ன வாய் இல்லை, பெரும்பாலும் சில நாளில் செத்துப்போகும். உரக்குழியில் விடுகிற பெரியோனிக்ஸ் மாதிரி சில இனங்கள் மட்டும் கெட்டிக்காரப் புழுக்கள், முன்பக்கம் கொஞ்சம் போனாலும் முளைக்க வைத்துக்கொள்ளும். உங்கள் வரப்புப் புழுவிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். அதற்காக வரப்பை வெட்டாமலும் இருக்க முடியாது, சரி.

கேள்வி: மழை விட்ட மறுநாள் துவைகல்லுக்கு அடியில் ஒரு விநோதப் புழு. ஒரு சாண் நீளம், முதுகில் கறுப்புக் கோடுகள், தலை மட்டும் விசிறியை விரித்த மாதிரி. பாம்புக்குட்டி என்று அம்மா அலற, அண்ணன் அரிவாளால் நான்காக வெட்டித் தோட்டத்தில் எறிந்துவிட்டான். என்ன அது?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் ஒன்றைக் கொல்லவில்லை, நான்கை விதைத்திருக்கிறார். மேலே மாமனார் சொன்ன கதை பலிக்கிற புழு இதுதான். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் பைபாலியம், சுத்தியல் தலைத் தட்டைப்புழு. பாம்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எலும்பு, ரத்தம், இதயம், நுரையீரல் எதுவும் கிடையாது. வாய் தலையில்கூட இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத் தொண்டையை வெளியே நீட்டி இரையைக் கரைத்து உறிஞ்சும், கழிவையும் அதே ஓட்டை வழியாகத்தான் தள்ளும். இரை எது தெரியுமா, முந்தின கேள்வியில் நாம் பரிதாபப்பட்ட மண்புழுதான்.

இந்த வம்சத்துப் புழுக்களின் உடம்பெல்லாம் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் பரவிக் கிடக்கின்றன. வெட்டுப்பட்ட இடத்தில் அவை கூடி, தலை இல்லாத பக்கம் தலையையும் வால் இல்லாத பக்கம் வாலையும் கட்டிவிடும். இதன் தண்ணீர்ச் சொந்தமான பிளனேரியாவை அமெரிக்காவில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1898-இல் வெட்டி வெட்டிப் பார்த்தார். உடம்பில் 279-இல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவானது. பின்னால் மரபணு ஆராய்ச்சிக்காக 1933-இல் நோபல் வாங்கிய அதே மார்கன்தான். பைபாலியத்துக்கு அரிவாளே தேவையில்லை, வால்நுனியைத் தானே கழற்றிப் போட்டுவிட்டுப் போகும், அது தனிப் புழுவாகும்.

அடுத்த முறை கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். பேத்தை மீனில் இருக்கிற அதே விஷம் இதன் சில இனங்களில் இருப்பதை 2014-இல் கண்டுபிடித்தார்கள். தின்றால்தான் ஆபத்து என்றாலும் வீட்டில் குழந்தையும் கோழியும் இருக்கும் அல்லவா. குச்சியால் எடுத்து உப்புப் போட்ட டப்பாவில் மூடிவிடுங்கள், போதும்.

கேள்வி: கரையில் செத்துக் கிடந்த சொறியை மகன் காலால் தட்டினான். கால் வீங்கி ஒரே எரிச்சல். செத்தது எப்படிக் கொட்டும்?
– உவரி வாசகர்

பதில்: கொட்டுவது சொறி இல்லை, அதன் செல்கள். சொறி என்றும் ஜெல்லி மீன் என்றும் சொல்கிற இந்தப் பிராணிக்கு மூளையே கிடையாது, ஆகவே உத்தரவு போட ஆளும் தேவையில்லை. அதன் இழைகளில் ஆயிரக்கணக்கான குட்டிப் பைகள், ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த விஷ ஊசி. பைக்குள் அழுத்தம் நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு. தொட்டால் வெடிக்கும், அவ்வளவுதான். பொறி வைத்தவன் செத்தாலும் எலிப்பொறி வேலை செய்வது மாதிரி. ஈரம் காயாத வரைக்கும் கரையில் கிடக்கிற சொறியை நம்பக்கூடாது.

பட்ட இடத்தை மணலால் தேய்க்காதீர்கள், குடிதண்ணீராலும் கழுவாதீர்கள். நல்ல தண்ணீர் பட்டால் மிச்சப் பைகளும் வெடிக்கும். கடல் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையைக் கெட்டிக் காகித அட்டை மாதிரி எதையாவது வைத்து நீக்கிவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: மாஞ்சோலை போய் வந்தோம். அட்டை கடித்தது வலிக்கவே இல்லை, ஆனால் பிய்த்து எறிந்த பிறகு ஒரு மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை.
– மேலப்பாளையம் வாசகர்

பதில்: அதன் எச்சிலில் ஹிருடின் மாதிரி ஒரு சரக்கு இருக்கிறது, ரத்தத்தை உறையவிடாது. பயப்பட ஒன்றுமில்லை, துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும். பிய்க்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நெம்பியிருக்கலாம். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், அட்டை விடல் அவர்களுடைய புற மருத்துவ முறைகளில் ஒன்று. காசு கொடுத்துக் கடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஹைட்ராவைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் பார்க்க முடியுமா?
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: பார்க்கலாம், செலவும் இல்லை. நல்ல தண்ணீரில் வாழ்கிற குட்டிப் பிராணிதான் அது. சாக்கடை கலக்காத குளத்தில் பாசியும் இலையும் கொஞ்சம் அள்ளி, அதே தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நேர்வெயில் படாத ஜன்னலோரம் ஒரு நாள் ஆட்டாமல் வையுங்கள். அப்புறம் லென்ஸை எடுத்துக்கொண்டு கண்ணாடியின் உள்பக்கத்தைத் தேடுங்கள். நூல் பிசிறு மாதிரி ஒன்று, ஒரு சென்டிமீட்டருக்குள், ஒரு நுனி ஒட்டிக்கொண்டும் மறு நுனியில் மயிரிழைகள் அலைந்துகொண்டும் இருக்கும். பாட்டிலைத் தட்டினால் சட்டென்று புள்ளியாகச் சுருங்கும். பிசிறு சுருங்காது, ஹைட்ரா சுருங்கும்.

1740-இல் ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவருக்கு ஹைட்ராவைப் பார்த்து ஒரு சந்தேகம், இது செடியா பிராணியா என்று. ஹாலந்தில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். வெட்டினால் செடிதான் மறுபடி துளிர்க்கும் என்று நினைத்து வெட்டினார். இரண்டும் துளிர்த்தன. ஆனால் நடக்கிறது, இரை பிடிக்கிறது, விழுங்குகிறது. பாவம், குழம்பிப்போனார். உங்கள் பாட்டிலில் நீர்த்தெள்ளு (தண்ணீரில் துள்ளித் திரியும் குட்டிப் பிராணி) இருந்தால் அந்த இரை பிடிக்கிற காட்சியும் கிடைக்கும். தெள்ளு இழையில் இடிக்கும், ஒரு துடிப்பு துடித்து அசையாமல் நிற்கும். சொறியிடம் இருக்கிற அதே ஊசிப்பைதான். பிறகு மெதுவாக வாய்க்குள் போகும், உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே தெள்ளு கிடப்பதும் தெரியும். பக்கவாட்டில் குட்டி மொட்டு ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.