ஒயில் விளக்கு எரிந்தால்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

எஞ்சின் ஒயில் அழுத்த எச்சரிக்கை விளக்கைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குளிரூட்டி, கியர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (மாங்குளம்): ஐயா, ஏ9 வீதியில் புளியங்குளத்தைத் தாண்டும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தது. மெதுவாக ஓட்டி மாங்குளம் வந்து சேர்ந்துவிட்டேன். அது பிழையா?

பதில்: பிழைதான். ஒயில் குறையப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதற்காக அந்த விளக்கு வைக்கப்படவில்லை. எஞ்சினில் பொருத்தியுள்ள சுவிச் பெரும்பாலான கார்களில் அழுத்தம் 0.2 முதல் 0.5 பார் வரையான அளவுக்கு இறங்கிய பிறகே விளக்கை எரிய வைக்கிறது. சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 2 பாருக்கு மேல் காட்ட வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், விளக்கு எரியும் நேரத்தில் எஞ்சினின் முக்கிய அச்சான கிராங்கைத் தாங்கும் பெயரிங்குகளுக்கு ஒயில் அநேகமாகப் போகவில்லை என்பது விளங்கும். மெதுவாக ஓட்டுவதால் பயனில்லை, பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சமதரையில் பத்து நிமிடம் விட்டு ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கைத் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஒயிலை ஊற்றி, எங்கே ஒழுகுகிறதென்று பார்த்து, பிறகு ஸ்ராட் செய்யலாம். சில விநாடிகளில் விளக்கு அணையாவிட்டால் மறுபடி நிறுத்துங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்திருந்தால் வாகனத்தை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி (வவுனியா): ஒயில் மட்டம் சரி. காலையில் விளக்கு எரிவதில்லை. மதிய வெயிலில் நெரிசலில் நிற்கும்போது மினுங்குகிறது, அக்சிலேற்றரை மிதித்தால் அணைகிறது. சுவிச்சை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றலாம், ஆனால் அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். விலை குறைவு என்பதற்காகவே முதலில் சுவிச்சின்மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கமாகிவிட்டது. சுவிச்சைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்தமானி ஒன்றைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அக்சிலேற்றரை மிதிக்காத ஐட்லிங்கிலும் 3000 சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். ஜப்பானியக் கார்களில் அந்த மரை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பிரித்தானியக் குழாய் மரை. அமெரிக்க மரையுள்ள இணைப்பை முறுக்கித் திணித்தால் எஞ்சின் கட்டையே பழுதாகும். அளவு உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளபடி இருந்தால் சுவிச்சையோ கம்பியையோ சந்தேகிக்கலாம். குறைவாக இருந்தால் ஒயில் நீர்த்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பம்போ மெயின் பெயரிங்கோ தேய்ந்திருக்கலாம். சூட்டில் ஒயில் இளகும்போது தேய்ந்த இடைவெளிகளால் அழுத்தம் கசிந்துவிடும்; நீங்கள் சொல்லும் அடையாளம் அதைத்தான் காட்டுகிறது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கிரவல் வீதியில் ஒரு கல் அடியில் அடித்தது. ஒழுக்கு இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து விளக்கு எரிகிறது.

பதில்: வாகனத்தை உயர்த்தி, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்பின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே ஒயிலை உறிஞ்சும் ஸ்ரெயினருக்கும் சம்பின் தரைக்கும் இடையில் சில மில்லிமீற்றரே இடைவெளி உண்டு. தகடு உள்ளே நெளிந்தால் அதன் வாய் அடைபடும். ஒழுகவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். சம்பைக் கழற்றி நிமிர்த்தி மீண்டும் பூட்டும்போது சிலிக்கன் பசையை அள்ளி அப்ப விடாதீர்கள். உட்புறம் பிதுங்கிய பசை அறுந்து விழுந்து, ஸ்ரெயினரின் கம்பி வலையில் புழுக்கள்போல் நெளிந்து ஒட்டியிருந்ததை என் கையாலேயே பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

கேள்வி (பரந்தன்): விளக்கு எரிகிறது. கிளிநொச்சி வரை போகலாமா?

பதில்: கூடாது. எஞ்சினை நிறுத்துங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): தம்பி, போரின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓடினோம். விளக்கையும் பார்க்கவில்லை, மானியையும் பார்க்கவில்லை. தடித்த ஒயிலை ஊற்றினால் எல்லாம் சரியாகும். இப்போது திருத்தகங்கள்தான் பயங்காட்டுகின்றன.

பதில்: ஐயா, அந்தக் கார்கள் ஓடியதை நானும் அறிவேன். ஸ்ராட் செய்யச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்ற அந்தக் கெட்டித்தனத்தை ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கியது. டிப்ஸ்ரிக்கில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியது. அதை மணந்து பார்த்து ஒயிலை அடிக்கடி மாற்றியவர்களின் எஞ்சின்களே தப்பின. அவை தடித்த ஒயிலுக்கென்றே செய்யப்பட்ட எஞ்சின்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி (விசுவமடு): புதுக்குடியிருப்பு ஐயா சொல்வதுதான் சரி. என் காரில் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றினேன், விளக்கு அணைந்துவிட்டது.

பதில்: விளக்கு அணைந்தது, தேய்வு அப்படியே இருக்கிறது. ஒயில் தடித்தால் கசிவு குறைந்து மானியில் அழுத்தம் உயரும். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலுக்கென்று நெருக்கமாகச் செய்த இக்கால எஞ்சினிலோ காலையில் ஸ்ராட் செய்ததும் மேல் வால்வுகளுக்கு அது போய்ச் சேரத் தாமதமாகும். பழைய எஞ்சின் ஒன்றுக்கு, கையேடு அனுமதிக்கும் தடிப்புக்குள், வன்னி வெயிலுக்கு ஒரு படி தடித்ததைத் தெரிந்தெடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளக்காமல் ஊற்றுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி (மீண்டும் புதுக்குடியிருப்பு): மானி இல்லாத ஊரில் என்ன செய்வது, தம்பி?

பதில்: அது நியாயமான கேள்வி. ஒற்றைக் கம்பி சுவிச் உள்ள கார்களில், சாவியை மட்டும் திருப்பிவிட்டுச் சுவிச்சிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். விளக்கு அப்போதும் எரிந்தால் கம்பி எங்கோ உராய்ந்து காரின் உலோக உடலில் படுகிறது, அழுத்தத்தில் குறையிருப்பதற்கு அது சான்றல்ல. விளக்கு அணைந்தால் சுவிச்சா அழுத்தமா என்பதை மானியால் மட்டுமே பிரித்தறிய முடியும். இதற்கு மேல் ஊகம்தான் ஐயா. மானியை வாடகைக்காவது எடுப்பியுங்கள்.

கேள்வி (மல்லாவி): விளக்கு எரிந்தபடி திருத்தகம் வரை ஓட்டலாமா?

பதில்: பரந்தன்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (துணுக்காய்): இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஒயில் கறுக்கிறது.

பதில்: டீசல் எஞ்சினில் ஒயில் விரைவில் கறுப்பது இயல்பு. மற்றதை உழவு இயந்திரம் திருத்துபவரிடம் கேளுங்கள்.

கேள்வி (வவுனியா, ஆசிரியை): அண்ணா, பாவித்த கார் ஒன்று வாங்கப்போகிறேன். அதில் ஒயில் விளக்கு எரியவே இல்லை. நல்லதுதானே?

பதில்: தங்கச்சி, எப்போது எரியவில்லை என்பதைப் பொறுத்தது. ஸ்ராட் செய்யாமல் சாவியைத் திருப்பியவுடன் அந்தச் சிவப்பு விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். எஞ்சின் பிடித்த சில விநாடிகளில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், அல்லது விற்பவர் சுவிச்சின் கம்பியைக் கழற்றி விட்டிருக்கலாம். பொனற்றைத் திறந்து அந்தக் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால், மானி பூட்டி அளந்து காட்டும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.